தொலைந்ததைத் தேடித் தரும் மின்னணு வில்லைகள்

வீட்டில் ஒரு சாவி தொலைந்தால் அரை மணி நேரம் போகும். கைபேசி தொலைந்தால் ஒரு நாள் போகும். ஆவணங்கள் வைத்திருந்த பை தொலைந்தால் ஆண்டுக்கணக்கில் அலைச்சல்தான். எல்லைக்கு இருபுறமும் உறவும் தொழிலும் வைத்துக்கொண்டு வாழும் நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்கு வந்து மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. பொங்கலுக்கும் குலதெய்வக் கும்பிடுக்கும் மூட்டை முடிச்சுகளுடன் மலை இறங்குகிற குடும்பங்களோ ஏராளம். வண்டி மாறும் இடந்தோறும் ஏதேனும் ஒன்று விடுபட வாய்ப்பு இருக்கிறது.

இப்போது கடைகளிலும் இணையத்திலும் ‘டேக்’ என்ற பெயரில் சிறு மின்னணு வில்லைகள் விற்கின்றன. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியவை. சாவிக்கொத்திலோ பையிலோ மாட்டிவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று கைபேசியின் வரைபடத்தில் காட்டும் என்கிறார்கள். “இது நம் மலையில் வேலை செய்யுமா?” என்று நம்மவர் பலரும் கேட்கிறார்கள். செய்யும், ஆனால் நகரத்தில் செய்வதுபோலத் தானாகச் செய்யாது. காரணம் புரிய வேண்டுமானால் இக்கருவி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விசிலிலிருந்து புளூடூத் வரை

தொலைந்த பொருளைத் தேடும் கருவி நேற்று வந்ததன்று. விசில் அடித்தால் பதிலுக்குக் கீச்சிடும் சாவிவளையங்கள் 1980களிலேயே வெளிநாடுகளில் விற்கப்பட்டன. ஒரு குறிப்பிட்ட சுருதியில் வரும் ஒலியைக் கேட்டு அவை விழித்துக்கொள்ளும். ஆனால் கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் இருமலுக்கும்கூட அவை பதில் சொன்னதால், வாங்கியவர்கள் சில நாளில் சலித்துப்போனார்கள்.

அடுத்து வந்தது ரிமோட் வகை. கையடக்கமான ஒரு ரிமோட்டும், வெவ்வேறு நிறத்தில் நாலைந்து வில்லைகளும் ஒரே பெட்டியில் இருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு வில்லை கட்டப்பட்ட சாவி ஒலிக்கும். இதற்கு இணையம் வேண்டாம், கைபேசி வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே சாவியையும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியையும் தேடும் வயதானவர்களுக்கு இன்றைக்கும் இதுவே எளிது. ரிமோட்டைச் சுவரில் ஓர் ஆணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிமோட்டைத் தேட இன்னொரு கருவி வாங்க நேரும்.

இன்றைய வில்லைகள் புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி அலையால் இயங்குகின்றன. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய ஆய்வில் பிறந்த நுட்பம் இது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசனின் பெயரை இதற்கு இட்டார்கள். 2010-இல் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகை வந்தது. அதன் பின்னர்தான் சிறு பொத்தான் பேட்டரி ஒன்றைக் கொண்டு ஏறத்தாழ ஓராண்டு ஓடக்கூடிய வில்லைகள் செய்ய முடிந்தது. அமெரிக்காவின் டைல் நிறுவனம் 2013-இல் இதற்கு வழி காட்டியது. சாம்சங், ஆப்பிள் நிறுவனங்களின் வில்லைகள் 2021-இல் வந்தன. நம் நாட்டில் ஜியோ நிறுவனம் 2023-இல் தன் முதல் வில்லையை வெளியிட்டது.

வில்லைக்குத் தன் இருப்பிடம் தெரியாது

வில்லைக்குள் செயற்கைக்கோளுடன் பேசும் கருவி இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. சிம் அட்டையும் இல்லை. தான் மூணாற்றில் இருக்கிறோமா, மறையூரில் இருக்கிறோமா என்பது அந்த வில்லைக்குத் தெரியவே தெரியாது. “நான் இங்கே இருக்கிறேன்” என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குரல் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்தக் குரல் வீட்டுக்குள் பத்து மீட்டர் அளவுக்கும், தடையற்ற வெளியில் சில பத்து மீட்டர் தொலைவுக்கும் கேட்கும். அதற்கு மேல் கேட்காது.

அப்படியானால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் தொலைந்த பையை அது எப்படிக் காட்டுகிறது? அந்தப் பையின் அருகே யாரோ ஒருவர் கைபேசியுடன் நடந்து போகிறார். வில்லையின் குரலை அவருடைய கைபேசி கேட்கிறது. கைபேசிக்குத் தன் இருப்பிடம் தெரியும். “இந்தக் குரலை இந்த இடத்தில் இத்தனை மணிக்குக் கேட்டேன்” என்று ஒரு குறிப்பை இணையம் வழியாக அனுப்பிவிட்டு அது தன் வழியே போகிறது. வில்லையின் சொந்தக்காரருடைய கைபேசியில் அந்தக் குறிப்பு வரைபடப் புள்ளியாகத் தெரிகிறது.

இவையெல்லாம் அந்த வழிப்போக்கருக்குத் தெரியாமலே நடக்கின்றன. குறிப்பு பூட்டிய கடிதம் போன்றது. அதைத் திறக்கும் சாவி வில்லையின் சொந்தக்காரரிடம் மட்டுமே இருக்கும்படி ஆப்பிளும் கூகுளும் அமைத்திருக்கின்றன. யாருடைய பை என்பது வழிப்போக்கருக்குத் தெரியாது. யாருடைய கைபேசி கண்டது என்பது சொந்தக்காரருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் மாடு காணாமல் போனால் ஊரில் தண்டோரா போடுவார்கள். கேட்டவர்கள் வழியில் பார்த்தால் வந்து சொல்வார்கள். இன்றைய வில்லையும் அதைத்தான் செய்கிறது. இங்கே தண்டோரா சத்தமில்லாதது. கேட்பது மனிதரின் காது அல்ல, அவர் பையில் உள்ள கைபேசி. தேடித் தருவது ஊர்தான். ஆகவே ஊர் இருக்கும் இடத்தில் வில்லை வேலை செய்யும். ஊரற்ற காட்டில் அது பேசிக்கொண்டே இருக்கும், கேட்பார் இருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் எப்படி வேலை செய்யும்?

பாலக்காட்டுச் சமவெளியையும் இடுக்கி மலையையும் இந்த விஷயத்தில் ஒன்றாகப் பேச முடியாது. பாலக்காடு ரயில் நிலையம், வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கொல்லங்கோடு போன்ற இடங்களில் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் உண்டு. கோயம்புத்தூர் ரயிலில் விட்டுவந்த பையில் வில்லை இருந்தால், ஒவ்வொரு நிலையத்திலும் எவருடைய கைபேசியாவது அதைக் கேட்கும். எந்த ஊரில் பை நின்றுவிட்டது என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும்.

இடுக்கியில் நிலைமை வேறு. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் ஒரு ஜீப்பில் பை விடுபட்டதாக வைத்துக்கொள்வோம். கம்பம் பேருந்து நிலையத்தில் ஒரு புள்ளி தெரியும். மலைச்சாலையில் இடையிடையே ஒன்றும் தெரியாமல் போகலாம். குமுளிக் கடைவீதியில் மறுபடி ஒரு புள்ளி தெரியும். அதன்பின் ஜீப் ஏதோ ஓர் ஏலத் தோட்டத்துக்குள் போய்விட்டால் புள்ளி நகராமல் குமுளியிலேயே நிற்கும். இதைப் பார்த்துப் பை குமுளியில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புள்ளியின் கீழே கடைசியாகக் கண்ட நேரம் காட்டப்படும். இடத்தைப் பார்க்கும்முன் அந்த நேரத்தைப் பார்ப்பதே சரியான பழக்கம்.

இன்னொரு தடையும் உண்டு. வில்லையின் குரலைக் கேட்ட கைபேசிக்கு அந்த இடத்தில் இணையம் கிடைக்காவிட்டால், சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த பின்பே குறிப்பை அனுப்ப முடியும். உடுமலைப்பேட்டை – மறையூர்ச் சாலையில் சின்னார்க் காட்டுக்குள் கேட்டது, காட்டைக் கடந்த பின்பே ஊர் சேரும். ஆகவே ஒன்றிரண்டு மணி நேரம் செய்தி வராவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

நாம் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு காரியம்

நம்மவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி. ஆண்ட்ராய்டு கைபேசிகளைக் கொண்டு தேடும் வலைப்பின்னலைக் கூகுள் 2024-இல் தொடங்கியது. 2025-இல் அதற்கு ‘ஃபைண்ட் ஹப்’ என்று பெயர் மாற்றியது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் மலைப்பகுதிக்கு அதுதான் மிக முக்கியம்.

இந்த வலைப்பின்னலில் கைபேசி எப்படிப் பங்கெடுக்க வேண்டும் என்பதற்குச் சில நிலைகள் உண்டு. கைபேசி கடையிலிருந்து வரும்போதே ‘நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும்’ என்ற நிலையில்தான் இருக்கும். அதாவது ஒரு வில்லையைப் பல கைபேசிகள் கேட்டால்தான் அதன் இடம் சொந்தக்காரருக்குத் தெரிவிக்கப்படும். ஒரே ஒரு கைபேசி கேட்டால் போதாது. தனி ஒருவரின் நடமாட்டம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையே இதற்குக் காரணம். விமான நிலையத்திலும் பெருநகரச் சந்தையிலும் இதனால் குறையொன்றுமில்லை. ஆனால் ஒரு நாளில் நாலைந்து பேரே நடக்கும் தோட்டப் பாதையில், பையை ஒருவருடைய கைபேசி கண்டாலும் செய்தி போகாது.

இதை மாற்ற வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘கூகுள்’ என்பதற்குள் ‘ஃபைண்ட் ஹப்’ பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ‘ஃபைண்ட் யுவர் ஆஃப்லைன் டிவைசஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, ‘வித் நெட்வொர்க் இன் ஆல் ஏரியாஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எல்லா இடங்களிலும்’ என்பது அதன் பொருள். கைபேசிக்குக் கைபேசி பட்டியலின் வரிசை சற்று மாறலாம். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் ‘ஃபைண்ட் ஹப்’ என்று தட்டினாலும் வந்துவிடும். புளூடூத்தும் லொகேஷனும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

இதைச் செய்வதால் நம் சொந்தப் பொருள் உடனே கிடைத்துவிடாது. அடுத்தவர் பொருளை நம் கைபேசி கண்டு சொல்லும். அடுத்தவர் இதைச் செய்தால் நம் பொருள் கிடைக்கும். ஒரு லயத்தில் உள்ள எல்லா வீடுகளும், ஜீப் ஓட்டுநர்களும், பேருந்து நடத்துநர்களும், தோட்டத்துக்கு வரும் வியாபாரிகளும் இந்த நிலைக்கு மாறிவிட்டால், அந்த மலை முழுவதும் தேடும் கண்கள் உண்டாகிவிடும். செலவு ஒரு பைசா இல்லை. கைபேசிக்கு ஒரு நிமிடம் போதும். சங்கக் கூட்டங்களில் இளைஞர் இருவர் உட்கார்ந்து வருகிறவர்களின் கைபேசிகளில் இதைச் செய்து கொடுக்கலாம். தம் இருப்பிடக் குறிப்பு எந்த வகையிலும் பயன்படக் கூடாது என்று நினைப்பவர்களை வற்புறுத்தக் கூடாது. அது அவரவர் விருப்பம்.

எதை வாங்குவது?

வாங்குமுன் பார்க்க வேண்டியது விலையையும் நிறத்தையும் அல்ல. அந்த வில்லை எந்த வலைப்பின்னலுடன் பேசும் என்பதைத்தான். ஆப்பிளின் வில்லையை ஐபோனோ ஐபேடோ இல்லாமல் பயன்படுத்தத் தொடங்கவே முடியாது. நகரத்தில் இருக்கும் மகன் ஆப்பிள் வில்லை வாங்கி அனுப்பினால், வீட்டில் அவை இல்லாத பெற்றோருக்கு அது வெறும் சாவிவளையம்தான். சாம்சங் வில்லைக்குச் சாம்சங் கைபேசி வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் பெட்டியின்மேல் கூகுள் ஃபைண்ட் ஹப் வலைப்பின்னலுடன் இயங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் பெயரிலேயே வேறு வேறு வகைகள் இருக்கின்றன. ஜியோ 2023-இல் 749 ரூபாய்க்கு வெளியிட்ட வில்லை அந்நிறுவனத்தின் சொந்த வலைப்பின்னலில் இயங்கியது. 2024-இல் வந்த ‘ஜியோடேக் ஏர்’ ஆப்பிள் வலைப்பின்னலுக்கும் ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 1,499 ரூபாய்க்கு வந்த ‘ஜியோடேக் கோ’ ஆண்ட்ராய்டுக்கானது. பெயரின் கடைசி அசையைப் பார்க்காமல் வாங்கினால் பயன்படாத வில்லை கைக்கு வரும்.

சில விலையுயர்ந்த வில்லைகளில் ‘அல்ட்ரா வைட்பேண்ட்’ என்ற இன்னொரு வசதியும் உண்டு. அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, பொருள் எத்தனை அடி தொலைவில், எந்தத் திசையில் இருக்கிறது என்று இது அம்புக்குறியால் காட்டும். ஒளி ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 செண்டிமீட்டர் செல்கிறது. அவ்வளவு நுண்ணிய நேரத்தை அளப்பதால்தான் இது முடிகிறது. ஆனால் வில்லை, கைபேசி இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக்கு ஒலி எழுப்பும் வசதியே போதும்.

ஜீப், ஆட்டோ, இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வில்லை பொருந்தாது. அவர்களுக்கு ஏற்றது ஜி.பி.எஸ். கருவி. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலையைக் கொண்டு அது தன் இடத்தைத் தானே கணக்கிடும். உள்ளே சிம் அட்டை இருக்கும். வழிப்போக்கர் துணை அதற்கு வேண்டாம். ஆனால் சிம்முக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரமும் வேண்டும். கோபுர சிக்னல் இல்லாத இடத்தில் அதனாலும் செய்தி அனுப்ப இயலாது.

இரும்புப் பெட்டியும் பொத்தான் பேட்டரியும்

நம் வீடுகளில் மதிப்புள்ள பொருள் இருக்குமிடம் டிரங்குப் பெட்டியும் இரும்பு பீரோவும். வில்லையை அவற்றுக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் அதன் குரல் பெரும்பாலும் வெளியே வராது. உலோகம் வானொலி அலையை மறித்துவிடும். ஆகவே டிரங்குப் பெட்டியில் வைப்பதானால் வெளியே கைப்பிடியில் கட்ட வேண்டும். துணிப்பை, ரெக்சின் பை, பிளாஸ்டிக் பெட்டி ஆகியவற்றில் உள்ளே வைக்கலாம். கனத்த கல் சுவரும் ஈர மண்ணும் குரலைக் குறைக்கும். நாலுபுறமும் ஆள் நெருக்கிநிற்கும் பேருந்திலும் குரல் மங்கும். உடம்பில் உள்ள நீர் அலையை விழுங்கிவிடுகிறது.

பெரும்பாலான வில்லைகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற பொத்தான் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். மூணாற்றுக் குளிரில் பேட்டரியின் வலு சற்றுக் குறையும். ஆகவே ஆண்டுக்கொரு முறை, தீபாவளி போல நினைவில் நிற்கும் ஒரு நாளில் மாற்றிவிடுவது நல்லது.

இந்தப் பேட்டரி சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்தானது. விழுங்கிவிட்டால் தொண்டைக்குக் கீழே சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பழைய பேட்டரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பொருளைத் தேடும் கருவியை ஆளைப் பின்தொடரவும் கெட்ட எண்ணத்துடன் பயன்படுத்துவார்கள். இதைத் தடுக்க ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதத்தில் ஓர் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நமக்குச் சொந்தமல்லாத வில்லை ஒன்று நம்முடனேயே பயணம் செய்தால் கைபேசியில் எச்சரிக்கை வரும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பையையும் வண்டியையும் சோதித்து வில்லையைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அதேபோல, திருடுபோன நம் பொருள் ஒரு வீட்டில் இருப்பதாக வரைபடம் காட்டினாலும் தனியே போய்க் கதவைத் தட்ட வேண்டாம். புள்ளி சில மீட்டர் விலகிக் காட்டும். பக்கத்து வீட்டுக்காரர்மேல் வீண்பழி விழும். காவலரிடம் காட்டி அவர்களுடன் போவதே முறை. திருட்டு எல்லையின் எந்தப் பக்கம் நடந்தது என்பதில் வீண் அலைச்சல் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த இடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் திருட்டுத் தகவலைக் கொடுக்கலாம்.

கைபேசியே தொலைந்தால்

கைபேசிக்குத் தனியே வில்லை வேண்டாம். வீட்டுக்குள் எங்கோ வைத்துவிட்ட ஆண்ட்ராய்டு கைபேசியை, வீட்டில் உள்ள இன்னொரு கைபேசியில் ஃபைண்ட் ஹப் திறந்து ஒலிக்கச் செய்யலாம். சைலண்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் உரக்க ஒலிக்கும். இதற்கு நம் கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும். ஆகவே அதை நம்பிக்கையான ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

வெளியே தொலைந்துவிட்டால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சி.இ.ஐ.ஆர். என்ற பதிவேடு உதவும். 2023 மே மாதத்தில் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தின் வழியாக இதை அடையலாம். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலையும் இந்த எண்ணையும் கொண்டு பதிவு செய்தால், அக்கைபேசி நாட்டின் எந்த நிறுவனச் சிம்மிலும் இயங்காதபடி தடுக்கப்படும். யாரேனும் புதுச் சிம் போட முயன்றால் காவல்துறைக்குத் தகவல் போகும். கேரளச் சிம், தமிழ்நாட்டுச் சிம் என்ற வேறுபாடு இதில் இல்லை. கைபேசி கையில் இருக்கும்போதே அந்த எண்ணை ரேஷன் அட்டையின் நகலில் எழுதிவைப்பது புத்திசாலித்தனம்; தொலைந்த பின் *#06# அழுத்தக் கைபேசி இருக்காது.

தாள்களுக்கு வில்லை போதாது

நம் வீடுகளில் தொலையவே கூடாத பொருள் நகையன்று, பணமுமன்று, பழைய தாள்கள். பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அதற்கு முன்பே தம் முன்னோர் இந்த மலைக்கு வந்துவிட்டதைக் காட்ட முடியாததால் சாதிச் சான்றுக்கு அலையும் தோட்டக் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தேவிகுளம் தொகுதியின் 2021 தேர்தல் பற்றிய வழக்கில் 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒரு குடும்பத்தின் பழைய பதிவுகள் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை ஆராயப்படுகின்றன என்பதற்கு அது சான்று. பாட்டன் காலத்துத் தோட்டச் சம்பளச் சீட்டு வெறும் காகிதமன்று.

இத்தகைய தாள்களை வில்லையை மட்டும் நம்பி விடக் கூடாது. 2018 வெள்ளத்தில் கேரளம் முழுவதும் பலர் ஆவணங்களை இழந்தார்கள். நகல்கள் வழங்க அரசு தனி அதாலத்துகள் நடத்த வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து நம்மவர் 70 பேர் மாண்டபோது, தொலைத்தொடர்பு இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. மனிதர் குரலே வெளிவராத அந்த இரவில் எந்த வில்லையும் பேசியிருக்காது. நீரும் மண்ணும் கொண்டுபோகும் தாளுக்கு நகல்தான் காவல்.

2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில், அந்தந்தத் துறை நேரடியாக வழங்கும் சான்றுகள் அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படும். நாமே படம் எடுத்து அதில் ஏற்றிவைப்பவை அப்படியல்ல. அவை நினைவுக்கான நகல்கள் மட்டுமே. தோட்டத்துப் பணிப்பதிவு, பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல் போன்றவை டிஜிலாக்கரில் தாமாக வாரா. அவற்றைத் தெளிவாகப் படமெடுத்து ஏற்ற வேண்டும். சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை மலையில் உள்ள வீட்டிலும், மற்றொன்றை ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைக்க வேண்டும். எல்லைக்கு இருபுறமும் வீடு இருப்பது நமக்குப் பல சிரமங்களைத் தந்திருக்கிறது; இந்த ஒரு காரியத்தில் அது நமக்கு வசதி. தமிழ்நாட்டில் தொலைந்த சான்றுகளுக்கு அம்மாநிலக் காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை பெறலாம். மாற்றுச் சான்றுக்கு விண்ணப்பிக்க அது உதவும்.

நகரும் பொருளுக்கு வில்லை, தாளுக்கு நகல் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. சாவி, பள்ளிப் பை, பயணப் பை, குடைக் கைப்பிடி ஆகியவை வில்லைக்கு உரியவை. அசல் ஆவணங்களுடன் பயணம் செய்ய நேரும் நாளில் மட்டும் அந்தப் பைக்குள்ளும் ஒரு வில்லையைப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே செலவில்லாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. சபரிமலைப் பருவத்தில் பம்பையில் குழந்தைகளின் கையில் தொடர்பு எண் பதிந்த பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டை குழந்தை எங்கே என்று சொல்லாது. யாருடைய குழந்தை என்று சொல்லும். கண்டெடுப்பவர் நல்லவராக இருந்தால் அதுவே போதும். நம் ஒவ்வொரு பையின் உள்ளேயும் பெயரையும், எல்லைக்கு இருபுறத்திலிருந்தும் ஒவ்வொரு கைபேசி எண்ணையும் எழுதிவைப்போம். தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் இன்னும் நல்லது. கண்டெடுப்பவர் எந்த மொழி பேசுபவராக இருந்தாலும் அவருக்கு அது விளங்க வேண்டும்.